‘பேராயர்’ என்பவரின் அதிகாரம் எதுவரை?

கேள்வி (இராயபுரம்):
நாங்கள் கத்தோலிக்கர், தங்கையை வியாசர்பாடியில் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். எங்கள் பங்கின் (கோயில் வட்டாரத்தின்) உறுதிபூசுதல் அழைப்பிதழும் அவர்கள் சபையின் திடப்படுத்தல் ஆராதனை அழைப்பிதழும் வீட்டு அலமாரியில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இரண்டிலும் ‘பேராயர்’ என்றே அச்சிட்டிருக்கிறது. இருவரும் ஒரே நிலையினரா? சாந்தோம் பேராயர் (சென்னை-மயிலைப் பேராயர்) செங்கல்பட்டு ஆயரின் முடிவை மாற்ற முடியுமா என்றும் வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது.

பதில் 1:
சொல் ஒன்றுதான், பதவி வேறு. 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) பேராயர் என்பவர் பிஷப். அங்கே ஆர்ச்பிஷப் பதவியே இல்லை, திருச்சபை முழுமைக்கும் தலைவராக இருப்பவர் பிரதமப் பேராயர். கத்தோலிக்க வழக்கில் பிஷப்பை ஆயர் என்றும் ஆர்ச்பிஷப்பைப் பேராயர் என்றும் சொல்கிறோம். 1952இல் சென்னையும் மயிலையும் இணைந்து உருவான உயர்மறைமாவட்டத்தின் பேராயருக்குக் கீழ் செங்கல்பட்டு, வேலூர், கோயம்புத்தூர், உதகை ஆகிய நான்கு மறைமாவட்டங்கள் (ஆயர்களின் ஆட்சிப் பகுதிகள்) இருக்கின்றன.

பதில் 2:
அந்தக் ‘கீழ்’ என்ற சொல்தான் வாக்குவாதத்துக்கே காரணம் என்பேன். செங்கல்பட்டு 2002இல் சென்னையிலிருந்து பிரிந்த மறைமாவட்டம் என்பதால் பழைய நினைப்பு நம்மிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 436ஆம் விதிப்படி, பேராயர் தம் மறைமாநிலத்தில் (தம் உயர்மறைமாவட்டமும் அதைச் சேர்ந்த மறைமாவட்டங்களும் அடங்கிய பகுதியில்) விசுவாசமும் ஒழுங்கும் காக்கப்படுகின்றனவா என்று கண்காணித்து, தவறு கண்டால் திருத்தந்தைக்குத் தெரிவிக்கலாம். ஆயர் தம் மறைமாவட்டத்தைச் சந்திக்கத் தவறினால், உரோமையின் ஒப்புதலோடு பேராயரே சென்று பார்வையிடலாம். ஆயர் பதவி காலியான எட்டு நாட்களுக்குள் அங்குள்ள ஆலோசகர்கள் நிர்வாகியைத் தேர்ந்தெடுக்காவிட்டால், பேராயரே ஒருவரை நியமிக்கலாம். இவற்றைத் தவிர அங்கே அவருக்கு ஆட்சி அதிகாரம் இல்லை என்று அதே விதி வெளிப்படையாகச் சொல்கிறது. செங்கல்பட்டுப் பங்குத்தந்தை ஒருவரை அவரால் இடமாற்றம் செய்ய முடியாது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் ஆயரின் ஆணையால் பாதிக்கப்பட்டவர் சாந்தோமுக்கு மனு எழுதிப் பயனில்லையா?

பதில் 2:
பயனில்லை. ஆணை கைக்கு வந்த பத்து நாட்களுக்குள் அதைத் திருத்தும்படி முதலில் அதே ஆயருக்கே எழுத வேண்டும். அதன் பிறகு மேல்முறையீடு உரோமைக்குத்தான் போகும். திருமண வழக்கு போன்ற தீர்ப்பாய வழக்குகள் வேறு: மறைமாவட்டத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பை எதிர்த்துப் பேராயரின் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

பதில் 3:
பங்கு அலுவலகத்தில் பேராயரின் படம் மாட்டியிருந்தால் கழுத்தைப் பாருங்கள். கருஞ்சிலுவைகள் பதித்த வெண்கம்பளிப் பட்டை ஒன்று தோள்களைச் சுற்றித் தொங்கும். அதன் பெயர் பாலியம். அதை அவர் தம் மறைமாநிலத்துக்குள் மட்டுமே அணியலாம். செங்கல்பட்டில் அணியலாம், மதுரையில் கூடாது.