புதுப்பிப்பு: அப்பாவின் கே1000 மறுபடி படம் எடுக்கிறது

அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமராவில் எடுத்த சோதனை ரோலில், எல்லாப் படத்தின் ஓரத்திலும் ஆரஞ்சுக் கோடு விழுந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் நீங்கள் சொன்னதுதான். பின்கதவில் ஒளியைத் தடுக்கும் ஸ்பாஞ்சு வயதாகித் தார் போல இளகியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் இரண்டு மணி நேரம் பொறுமையாகத் துடைத்தெடுத்தேன். ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டர் திரையில் ஒரு துளிகூடப் படவில்லை, அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூல், கீல் பக்கம் வெல்வெட் துண்டு ஒட்டினேன்.

அப்புறம் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர். புது எல்ஆர்44 பேட்டரி போட்டதும் முள் அசைந்தது. இதற்கு அணைக்கும் சுவிட்ச் கிடையாது. லென்ஸை மூடி வைத்தால்தான் பேட்டரி நீடிக்கும்.

நேற்று 36 படமும் கழுவி வந்தன. கோடே இல்லை. அம்மா பூ கட்டும் படத்தில் நார் இழைகூடத் தெரிகிறது.