டிஃபீட் டிவைஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் வரலாற்றைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிவருகிறேன். நாஜிகளின் ஜெர்மன் தொழிலாளர் முன்னணி 1937இல் அதைத் தொடங்கியது, போர்க்காலத்தில் கட்டாயத் தொழிலாளர்களை வைத்து ஆலை ஓடியது, போர் முடிந்தபின் பிரிட்டிஷ் ராணுவ மேஜர் ஐவன் ஹிர்ஸ்ட் அதே ஆலையில் கார் உற்பத்தியை மறுபடி தொடங்கிவைத்தது, நோர்ட்ஹோஃப் தலைமையில் பீட்டில் கார் உலகம் முழுக்கப் பரவியது என எல்லாம் தமிழில் தடையில்லாமல் வந்துவிட்டது. 2015க்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த நிறுவனத்துக்கு விதிமீறல் அறிவிக்கை அனுப்பியது. அந்த ஆவணத்தின் மையச் சொல்லே 'டிஃபீட் டிவைஸ்'தான்: டீசல் காரின் மாசுக் கட்டுப்பாட்டைச் சாலையில் சரியாக வேலை செய்யவிடாத ஏற்பாடு. 'தோற்கடிப்புக் கருவி' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கம் முன்னால்தான் அதே ஆலையில் வி-1 பறக்கும் குண்டின் பாகங்கள் செய்ததை எழுதியிருக்கிறேன். படிப்பவர் இதையும் ஏதோ ஆயுதம் என்று நினைத்துவிடுவார். 'மோசடிக் கருவி' என்று வைத்துவிடலாமா? இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

—

மறுமொழி

ஐயா, வணக்கம்.

> 'மோசடிக் கருவி' என்று வைத்துவிடலாமா?

வேண்டாம் என்பேன். 'மோசடி' என்ற பாதியும் சரியில்லை, 'கருவி' என்ற பாதியும் சரியில்லை.

முதலில் கருவி. போனட்டைத் திறந்து தேடினால் அப்படி ஒரு பொருள் கிடைக்காது. எஞ்சினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியில் உள்ள மென்பொருளின் ஒரு பகுதிதான் அது. ஸ்டீயரிங் எந்த நிலையில் இருக்கிறது, வண்டி என்ன வேகத்தில் போகிறது, எஞ்சின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்பதையெல்லாம் அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஆய்வகத்தில் டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் எந்திரம்) உருளைகள்மேல் வண்டியை ஏற்றி ஓட்டும்போது சக்கரம் சுழலும், ஆனால் ஸ்டீயரிங்கை யாரும் திருப்ப மாட்டார்கள். வேகமும் சோதனை அட்டவணைப்படியே ஏறி இறங்கும். அதை வைத்தே இது சோதனை என்று மென்பொருள் கண்டுகொள்ளும். உடனே நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பை முழு வீச்சில் இயக்கும். வண்டி சாலைக்கு வந்ததும் அந்த அமைப்பின் வேலையைக் குறைத்துவிடும். அமெரிக்க முகமை தன் அறிவிக்கையில் இவற்றை 'டைனோ அளவமைப்பு', 'சாலை அளவமைப்பு' என்றே பிரித்துச் சொல்கிறது. சாலையில் வெளிவந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல 10 முதல் 40 மடங்கு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு ஒழுங்குவிதி இதைக் கருவி என்று வரையறுக்கவில்லை, 'வடிவமைப்பின் ஏதேனும் ஒரு கூறு' என்றுதான் தொடங்குகிறது. மென்பொருளும் அந்த வரையறைக்குள் வரும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆகவே நம் சொல் பொருளுக்கும் பொருந்த வேண்டும், நிரலுக்கும் பொருந்த வேண்டும்.

இப்போது மோசடி. இதுதான் முக்கியம். அதே ஒழுங்குவிதி டிஃபீட் டிவைஸைத் தடைசெய்துவிட்டு, உடனே விலக்குகளும் தருகிறது. எஞ்சின் பழுதாகாமலும் விபத்து நேராமலும் காக்க, வண்டி பாதுகாப்பாக ஓட, அது தேவை என்றால் இருக்கலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் கட்டத்துக்கு மட்டும் வேலை செய்வதானாலும் இருக்கலாம். இதைத் தமிழில் பெயர்க்கும்போது 'அனுமதிக்கப்பட்ட மோசடிக் கருவி' என்று எழுதுவீர்களா? படிப்பவர் சிரித்துவிடுவார்.

சட்டச் சண்டை பெரும்பாலும் இந்த விலக்கைச் சுற்றித்தான் நடந்தது. 'வெப்பநிலைச் சாளரம்' என்று ஒன்று இருக்கிறது. வெளியே குளிராக இருந்தால் கழிவுவாயுவை எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும் அமைப்பு தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சினில் கரி படியாமல் இருக்கத்தான் என்பது தயாரிப்பாளர்கள் தரப்பு. ஃபோக்ஸ்வாகன் வழக்கில் இது எங்கிருந்து வந்தது தெரியுமா? மாட்டிக்கொண்ட கார்களைச் சரிசெய்யப் போட்ட புதிய மென்பொருளிலிருந்து! வெளி வெப்பநிலை 15 முதல் 33 டிகிரிக்குள் இருந்து, இடமும் 1,000 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருந்தால்தான் அந்த அமைப்பு முழுமையாக வேலை செய்யும். ஜெர்மன் போக்குவரத்து அதிகாரிகள் ஒப்புதல் கொடுத்த மென்பொருள் அது. அதுவும் டிஃபீட் டிவைஸ்தான் என்று 2022 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே சோதனையைக் கண்டுபிடிக்கும் தந்திரமே கிடையாது. இதையும் 'மோசடி' என்று ஒரே மூட்டையில் கட்டினால் முதல் குற்றத்தின் கனம் குறைந்துபோகும்.

மேலும், இந்தச் சொல் ஃபோக்ஸ்வாகனுக்காகப் பிறந்ததும் இல்லை. 1995இல் ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் கார்கள் இதே குற்றச்சாட்டில் சிக்கின. 1998இல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், வால்வோ உள்ளிட்ட ஏழு லாரி எஞ்சின் நிறுவனங்கள் சேர்ந்து சிக்கின. ஃபோக்ஸ்வாகனே 1974இல், வெப்பநிலையை உணர்ந்து மாசுக் கட்டுப்பாட்டை நிறுத்தும் சுவிட்சுகள் தொடர்பாக, 1,20,000 டாலர் கட்டியிருக்கிறது. உங்கள் கட்டுரையில் அந்த 1974க்கு ஒரு வரியாவது கொடுங்கள். 2015இல் அதிர்ந்துபோனதாகக் காட்டிக்கொண்ட நிறுவனத்துக்கு இந்தச் சொல் புதிதல்ல.

> 'புகைத்தடை முடக்கி' எளிமையாக இருக்குமே (குழுமத்தில் இன்னொரு நண்பர்)

எளிமைதான், ஆனால் புகை என்றால் கண்ணுக்குத் தெரியும் கரி என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். இங்கே பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத வாயு. நம் ஊரில் டீசல் வண்டிக்கு எடுக்கும் புகைச் சான்றிதழ் சோதனையிலும் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. இந்த வண்டிகள் அதில் ஜோராகத் தேறிவிடும். ஆகவே 'மாசு' என்றோ 'உமிழ்வு' என்றோ வருவதே நல்லது.

'முடக்கி' நெருங்கி வருகிறது. ஜெர்மன் சட்டச் சொல்லான 'அப்ஷால்ட்-ஐன்ரிக்டுங்' கிட்டத்தட்ட அதுதான்: 'அணைத்துவைக்கும் அமைப்பு'. ஆனால் வரையறையைப் படித்தால் இயக்குதல், மாற்றியமைத்தல், தாமதித்தல், நிறுத்துதல் என நான்கு வினைகள் வருகின்றன. முழுக்க நிறுத்தினால்தான் என்று இல்லை, பிடியைக் கொஞ்சம் விட்டாலே போதும். அதனால் என் பரிந்துரை 'தளர்த்தி'. முழுப்பெயர் 'மாசுத்தடுப்புத் தளர்த்தி'. தடை செய்யப்பட்ட தளர்த்தி, விலக்கு பெற்ற தளர்த்தி, மென்பொருள் தளர்த்தி என எதனோடும் சேர்த்துக்கொள்ளலாம்.

'கயிற்றைத் தளர்த்தி' என்பதுபோல இது வினையெச்சமாகவும் வருமே என்று யாராவது கேட்பீர்கள். மின்சாரத்தில் 'கடத்தி' என்கிறோம். பிள்ளையைக் கடத்தியதாக யாரும் நினைத்துக்கொள்வதில்லை.

—

மறுமொழி

வணக்கம். நான் வரலாறு கற்பிப்பவள், பொறியியல் தெரியாது. விளக்கத்துக்கு நன்றி. ஆனால் 'தளர்த்தி' எனக்கு ஒப்பவில்லை.

ஊரடங்குத் தளர்வு, விதித் தளர்வு என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது ஏதோ அரசு கொடுத்த சலுகைபோலக் கேட்கிறது. இந்த நிறுவனத்துக்கு இப்படி மெத்தென்ற சொல் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது, ஏனென்றால் அது சொற்களை வைத்தே வாழ்ந்த நிறுவனம்.

'மக்கள் கார்' என்பதே முதலில் ஒரு வாக்குறுதிதான். 990 மார்க்குக்குக் கார் என்றார்கள். வாரம் 5 மார்க்குக்கு முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டச் சொன்னார்கள். காருக்கு ஹிட்லர் வைத்த பெயர் 'மகிழ்ச்சி வழியே வலிமை கார்', ஆலையைச் சுற்றி எழுந்த ஊருக்கும் அதே பெயர். 1945இல்தான் அது வோல்ஃப்ஸ்பர்க் ஆனது. சுமார் 3,36,000 பேர் பணம் கட்டினார்கள். அந்தத் திட்டத்தில் ஒருவருக்குக்கூடக் கார் வரவில்லை. ஆலை ராணுவ வண்டி செய்யப் போய்விட்டது, வேலை செய்தவர்களில் பெரும்பகுதி கட்டாயத் தொழிலாளர்கள். முத்திரை வாங்கியவர்கள் போருக்குப் பின் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தி, 1961இல்தான் ஒரு சமரசம் வந்தது: புதுக் கார் வாங்கினால் 600 மார்க் தள்ளுபடி, வேண்டாமென்றால் 100 மார்க் ரொக்கம்.

அமெரிக்காவில் அது பெயர் வாங்கியதும் சொல்லால்தான். 1960இல் வந்த 'லெமன்' விளம்பரத்தில் தன் காரையே 'சொத்தை' என்று சொல்லிக்கொண்டது. கையுறைப் பெட்டியின் குரோம் பட்டையில் ஒரு சிறு கறை, அதனால் எங்கள் பரிசோதகர் இந்தக் காரை ஒதுக்கிவிட்டார் என்பது அதன் சாரம். குறையை மறைக்காத நிறுவனம் என்ற நல்ல பெயர் அங்கே தொடங்கியது. அந்தப் பெயரை மூலதனமாக வைத்துத்தான் பின்னாளில் 'கிளீன் டீசல்' என்று விற்றார்கள். அதன் ஜெட்டா டீசல் காருக்கு 2009ஆம் ஆண்டின் பசுமைக் கார் விருதுகூடக் கிடைத்தது, 2015இல் அது திரும்பப் போனது. உள்ளுக்குள் அந்த மென்பொருளை 'ஒலிச் செயல்பாடு' என்று அழைத்திருக்கிறார்கள். இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் மெல்லிய சொல். நாமும் ஒன்று செய்து கொடுக்க வேண்டுமா?

நியாயத்துக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்: நாஜிக் காலத்து வரலாற்றை ஆராயும் பணியை ஹான்ஸ் மொம்சன் என்ற வரலாற்றாசிரியரிடம் அந்த நிறுவனமே கொடுத்தது. 1996இல் வெளிவந்த அந்தப் பெரிய நூல் அதற்குச் சாதகமாக ஒன்றும் இல்லை.

—

மறுமொழி

அம்மா, 'ஒலிச் செயல்பாடு' நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அதை என் பக்கத்துக்கும் இழுத்துக்கொள்கிறேன். அந்தப் பெயரின் குற்றம் மென்மை அல்ல, அது நடப்பதைச் சொல்லாததுதான். மாசுக் கட்டுப்பாட்டில் அது செய்த வேலைக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டே இல்லை. 'மாசுத்தடுப்புத் தளர்த்தி' நடப்பதை அப்படியே சொல்கிறது.

குற்றத்தைச் சொல்ல வினைச்சொற்கள் இருக்கின்றன. அமெரிக்க நீதிமன்றத்தில் 2017இல் அந்த நிறுவனம் மூன்று குற்றங்களை ஒப்புக்கொண்டது: அரசை ஏமாற்றச் சதி, நீதிக்கு இடையூறு, பொய்த் தகவல் கொடுத்து இறக்குமதி. குற்றவியல் அபராதம் மட்டும் 280 கோடி டாலர். இந்த மூன்றையும் எழுதினால் எந்த வாசகரும் மெத்தென்று எடுத்துக்கொள்ள மாட்டார்.

விசாரணை நடக்கும்போதே அவர்கள் செய்ததைப் பாருங்கள். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேனியல் கார்டர், அரவிந்த் திருவேங்கடம், மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோர் இருந்த ஒரு சிறு குழு, காரின் பின்னால் அளவைக் கருவிகளை ஏற்றிக்கொண்டு சாலையிலேயே ஓட்டிப் பார்த்தது. 2014இல் முடிவு வந்தது: ஃபோக்ஸ்வாகனின் ஜெட்டா கார் வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு, பாஸாட் கார் 5 முதல் 20 மடங்கு. கூடவே சோதித்த பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே நின்றது. ஆக, டீசலில் இது முடியாத காரியம் இல்லை. கலிஃபோர்னியா அதிகாரிகள் கேள்விமேல் கேள்வி கேட்டபோது, நிறுவனம் திரும்ப அழைத்த கார்களில் ஒரு மென்பொருள் மேம்பாட்டைப் போட்டது. அதில் ஸ்டீயரிங் திரும்பும் கோணத்தை வைத்துச் சோதனையை இன்னும் துல்லியமாகக் கண்டுகொள்ளும் வசதியும் சேர்ந்தே வந்தது. பழுது பார்க்கிறோம் என்று வண்டியை வாங்கித் தளர்த்தியைக் கூர்மையாக்கிக் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். 'மோசடிக் கருவி' என்ற சொல்லைவிட இந்த வாக்கியம் நன்றாகக் குத்தும்.

நாளிதழ்த் தலைப்புக்கு 'மோசடி மென்பொருள்' இருக்கட்டும். ஜெர்மானியரும் பேச்சில் 'ஷும்மல்-சாஃப்ட்வேர்' என்கிறார்கள், கிட்டத்தட்ட 'தில்லுமுல்லு மென்பொருள்'. சட்டத்தில்தான் வேறு சொல்.

இந்தியாவுக்கும் இது வேண்டும். 2015 டிசம்பரில் இங்கே 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, மே மாதம் உச்ச நீதிமன்றம் அதன்பேரில் நடவடிக்கை எடுக்கத் தடை போட்டது. பிஎஸ்4 என்ற இந்திய மாசு வரம்பு விதிகளில் சாலைச் சோதனைக்கு வரம்பே இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். அந்த வழக்கைத் தமிழில் எழுதுபவர் 'தளர்த்தி இருந்ததா' என்ற கேள்வியையும் 'மோசடி நடந்ததா' என்ற கேள்வியையும் பிரித்துக் கேட்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் எப்படிக் கேட்பது?

—

மறுமொழி

நண்பர்களுக்கு நன்றி. கட்டுரையில் இப்படி வைத்திருக்கிறேன்: "உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி கார்களில் மாசுத்தடுப்புத் தளர்த்தி இருந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் செப்டம்பர் 23 அன்று பதவி விலகினார்." முதல்முறை வரும் இடத்தில் மட்டும் 'டிஃபீட் டிவைஸ்' என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அம்மா சொன்ன 'ஒலிச் செயல்பாடு' தனிப் பத்தியாக வருகிறது. 1974க்கு ஒரு வரி கேட்டீர்கள், மூன்று வரி கொடுத்துவிட்டேன்.

'டைனோ'வை அப்படியே விடுகிறேன், பட்டறையிலும் ஆய்வகத்திலும் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அடுத்து ஒன்று பாக்கி: கழிவுவாயுவை எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் அந்த அமைப்பு. 'கழிவுவாயு மீள்சுழற்சி' என்று எழுதினால் ரீசைக்கிளிங்கோடு குழம்புகிறது. 'மீள்செலுத்தம்' என்று ஒரு நண்பர் தனிமடலில் சொல்கிறார். உங்களுக்கு எப்படிப் படுகிறது?