புதுப்பிப்பு: கால் வளைந்த கிரேட் டேன் நாய்க்குட்டி இப்போது எப்படி இருக்கிறான்

5 மாதக் கிரேட் டேன் குட்டிக்கு முன்னங்கால் வளைகிறது, கால்சியம் டானிக்கைக் கூட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நிறையப் பேர் கூட்டச் சொன்னீர்கள். நல்லவேளை, அதற்குள் மருத்துவரிடம் போய்விட்டேன்.

அவர் முதலில் டானிக்கை நிறுத்தினார். பெரிய இனக் குட்டிகளின் குடலுக்கு, தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைச் சரியாகத் தடுக்கத் தெரியாது, அதிகமாகவே இழுத்துக்கொள்ளும். எலும்பு கோணலாக வளர அதுவும் ஒரு காரணம். பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனம் மட்டும், அதுவும் அளவாக. குட்டி என்றால் கொழுகொழுவென்று இருக்கணும் என்ற அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

இப்போது 14 மாதம், 58 கிலோ. கால்கள் ஏறக்குறைய நேராகிவிட்டன. (பெயரில்தான் டேன், இது ஜெர்மனியில் உருவான இனம்.)

அடுத்த பயம் வயிறு. உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும், இந்த இனத்துக்கு அந்த ஆபத்து மிக அதிகம். அதனால் சாப்பாட்டை மூன்று வேளையாகப் பிரித்துப் போடுகிறோம், சாப்பிட்டதும் ஓட விடுவதில்லை. வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் வயிறு மத்தளம் போல வீங்கினால், நள்ளிரவானாலும் கிளம்பிவிட வேண்டும். இரைப்பை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அதை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கும் அறுவையை, 18 மாதம் ஆனதும் கருத்தடையோடு சேர்த்துச் செய்யப்போகிறோம்.

அப்புறம், சிமெண்ட் தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்துப்போயிருந்தது. பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டோம். படுக்கிறான், பாதி உடம்பு வெளியே.