புது உரம் போட்ட மரத்தில் குலை 4 கிலோ கூட: இதை நம்பலாமா?

நிரைக்காரன்:

வணக்கம். நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். அப்பா விட்டுப்போன எட்டு ஏக்கரில் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டிருக்கிறோம். எனக்கு லோரி ஓட்டும் வேலையும் உண்டு.

தீபாவளிக்கு முன்னால் ஓர் உர வியாபாரி வந்தார். அவரே தோட்டத்தில் நடந்து, லோரிப் பாதையோரம் நாலு மரத்தைக் காட்டி, புது உரத்தை இலவசமாகப் போட்டுவிட்டுப் போனார். தைப்பூசம் முடிந்து பழம் வெட்டும்போது, அந்த நாலு மரத்தின் குலைகளையும், உள்ளே மேட்டில் வழக்கமான உரம் போட்ட வேறு நாலு மரத்தின் குலைகளையும் நிறுத்துப் பார்த்தோம். மரத்துக்கு ஒரு குலை.

புது உரம்: 24, 22, 21, 19 கிலோ. பழைய உரம்: 20, 18, 17, 15 கிலோ.

சராசரியில் 4 கிலோ வித்தியாசம். மகள் ஆறாம் படிவம் படிக்கிறாள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வுக் கணிதத்தில் கருதுகோள் சோதனைப் பாடம் உண்டாம். இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் டி-சோதனை செய்தாள். டி மதிப்பு 2.72, அட்டவணையில் எல்லை 2.447, அதைத் தாண்டியதால் 'ரிஜெக்ட் எச் நாட்', அதாவது 'வித்தியாசம் இல்லை என்பதைத் தள்ளு' என்று எழுதி வட்டமே போட்டுவிட்டாள். பி-மதிப்பு ஏறக்குறைய 0.035 என்கிறாள். அப்படியானால் இந்த உரம் வேலை செய்கிறது என்பது 96.5 விழுக்காடு உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா? எட்டு ஏக்கருக்கும் ஆர்டர் கேட்டு அவர் தினமும் போன் அடிக்கிறார்.

கிராணி மகள்:

அண்ணே, மகள் போட்ட கணக்கு சரி. நீங்கள் எடுத்த 96.5தான் சரியில்லை. நானும் ஆறாம் படிவத்துக்குத்தான் பாடம் எடுக்கிறேன். வருடா வருடம் பாதி வகுப்பு இப்படித்தான் எழுதிக்கொடுக்கும். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் ஓர் அறிக்கையே விட்டது: கருதுகோள் உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைப் பி-மதிப்பு சொல்லாது என்று.

அது சொல்வது வேறு. புது உரமும் பழைய உரமும் ஒன்றுதான், எந்த வித்தியாசமும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். இதுதான் எச் நாட், இன்மைக் கருதுகோள். அது உண்மையாக இருந்தாலும் தற்செயலாகவே இவ்வளவு பெரிய வித்தியாசம், அல்லது இதைவிடப் பெரியது, எத்தனை தடவை வரும்? அந்த விகிதம்தான் பி.

அட்டவணை இல்லாமலே கைக்கணக்காகப் பார்க்கலாம். எட்டு எடையையும் எட்டுத் துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். உரத்தால் ஒன்றுமே ஆகவில்லை என்றால் எந்த நாலு துண்டு 'புது உரம்' பக்கம் விழுந்திருந்தாலும் வியப்பில்லை. எட்டில் நாலை எடுக்க 70 வழி உண்டு. உங்கள் புது உர மரங்களின் மொத்தம் 86 கிலோ. அந்த 70இல் 86 அல்லது அதற்கு மேல் வருவது இரண்டே வழிதான்: உங்களுக்குக் கிடைத்தது ஒன்று, 19க்குப் பதில் 20 வந்து 87 ஆவது இன்னொன்று. 70க்கு 2 என்றால் ஏறக்குறைய 0.029. ஆனால் உரம் எடையைக் குறைக்கவும் செய்யலாமே? அந்தப் பக்கத்தையும் எண்ணினால் இன்னும் இரண்டு வழி சேரும், 70க்கு 4, அதாவது 0.057.

இப்போது மகளிடம் காட்டுங்கள். அதே எட்டுக் குலை. அவள் டி-சோதனையில் 0.035, துண்டுக் காகிதத்தில் 0.057. ஒன்று 0.05க்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். பி அதற்குக் கீழே வந்தால் எச் நாட்டைத் தள்ளலாம் என்ற, இருபதில் ஒன்று என்ற அந்த எல்லையை வசதியான அளவு என்று 1925இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர். வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை அது. ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்பதையும் குலையை நிறுக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நிறுத்த பிறகு நமக்குத் தோதான பக்கத்தை எடுத்துக்கொண்டால் அது சோதனையே இல்லை.

எட்டில் நாலு என்பதும் ஃபிஷருடையதுதான். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் வேலை செய்தவர். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் அங்கே ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பை, நாலில் பால் முதலில், நாலில் தேநீர் முதலில். வெறும் ஊகத்தில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புதான். 1935இல் வந்த அவருடைய நூலில் இந்தக் கோப்பைக் கணக்கு இருக்கிறது. மகளின் டி-சோதனையும் ஒரு வேலைத்தலத்தில் பிறந்ததுதான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் இருந்த கொஸெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908இல் வெளியிட்டார். கையில் நாலைந்து அளவு மட்டும் இருந்தால் என்ன செய்வது என்பதே அவருடைய கவலை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஃபிஷர் கோப்பைகளை எந்த வரிசையில் நீட்டுவது என்பதைக் குலுக்கலுக்கு விட்டார். அதனால்தான் அந்த 70க்கு அர்த்தம் இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் மரத்தைத் தேர்ந்தது யார்? வியாபாரி! பாதையோரம் அவர் கைகாட்டிய நாலு மரம், மேட்டில் நீங்கள் எடுத்த நாலு மரம். அந்த நாலும் உரம் போடாமலேயே கனமான குலை தரும் மரங்களாக இருக்கலாம். அப்படியிருக்க 0.035ஐ வைத்தும் ஒன்றும் செய்ய முடியாது, 0.057ஐ வைத்தும் ஒன்றும் செய்ய முடியாது.

பழைய தண்டல்:

டீச்சர் சொன்ன கணக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. மரம் தெரியும்.

தம்பி, செம்பனையில் பூ விரிந்து மகரந்தம் பட்டு, பழம் வெட்டுக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். ஆண் பூவா பெண் பூவா என்பது அதற்கும் ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே மரத்துக்குள் முடிவாகிவிடும். தீபாவளிக்குப் போட்ட உரம் தைப்பூசக் குலையில் நாலு கிலோ ஏற்றியது என்றால் நான் நம்ப மாட்டேன். நீ நிறுத்த குலை எல்லாம் அவர் வந்தபோதே மரத்தில் காயாக இருந்தவை.

பாதையோர மரத்துக்கு வெயில் கூட. எந்தத் தோட்டத்திலும் ஓரத்து மரம் நன்றாகக் காய்க்கும். 1981இல் செம்பனைப் பூவில் மகரந்தம் பரப்பும் கேமரூன் வண்டைக் கொண்டுவந்து விடுவதற்கு முன்னால் பெண்கள் நிரை நிரையாகப் போய்க் கையால் மகரந்தப் பொடி அடித்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. வண்டு வந்ததும் குலை கனத்தது. அந்த நேரத்தில் எவனாவது உரம் விற்றிருந்தால் பெயர் உரத்துக்குத்தான் போயிருக்கும்.

இன்னொன்று. செம்பனை வேர் பக்கத்து மரத்தின் உரத்தையும் இழுக்கும். கம்பெனித் தோட்டச் சோதனைகளில் 36 மரம் கொண்ட பாத்தி போட்டு, நடுவில் உள்ள 16ஐ மட்டும் நிறுப்பார்கள். சுற்றி இருப்பவை காவல் மரம்.

நிரைக்காரன்:

நன்றி டீச்சர், நன்றி ஐயா. ஐந்தாறு மாதக் கணக்கு எனக்குத் தெரிந்ததுதான், அவர் பேசிய பேச்சில் யோசிக்கவே இல்லை. ஆர்டர் கொடுக்கவில்லை. ஆனால் அந்த உரம் உண்மையிலேயே நன்றாக இருந்தால்? சின்னதாக நானே பார்க்கலாமா, மூன்று மரம் இப்படி, மூன்று மரம் அப்படி?

கிராணி மகள்:

மூன்றுக்கு மூன்று வேண்டாம். ஆறில் மூன்றை எடுக்க 20 வழிதான் உண்டு. புது உர மரம் மூன்றும் முதல் மூன்று இடத்தைப் பிடித்தாலும் 20க்கு 1, அதாவது 0.05. இரண்டு பக்கமும் பார்த்தால் 0.10. எவ்வளவு நல்ல உரமாக இருந்தாலும் அந்தச் சோதனையில் தேறாது. ஆறுக்கு ஆறு போனால் 924 வழி. அதுவும் 4 கிலோ போன்ற பெரிய வித்தியாசத்தைத்தான் பிடிக்கும். அரை கிலோ, ஒரு கிலோ என்றால் கண்ணுக்குத் தப்பிவிடும். அப்போது 'வித்தியாசம் இல்லை' என்று எழுதாதீர்கள், 'தெரியவில்லை' என்று எழுதுங்கள்.

ஐயா சொன்ன காவல் மரத்துக்கு எட்டு ஏக்கரில் இடம் கிடைக்கும். ஏக்கருக்கு 55, 60 மரம் இருக்கும் அல்லவா? ஓரத்து நிரைகளை விட்டுவிட்டு, உள்ளே பத்திருபது மரத்துக்கு எண் எழுதிச் சீட்டுக் குலுக்குங்கள். குலுக்குவது மகளாக இருக்கட்டும், வியாபாரி பக்கத்தில் வேண்டாம். ஒரே ஒரு குலையை நிறுத்து முடிவு கட்டாதீர்கள். மரத்துக்கு மரம் ஒரு வருடக் குலைகளைக் கூட்டுங்கள், ஐயா கணக்குப்படி அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். நிறுக்கிறவருக்கு எது புது உர மரம் என்று தெரியக்கூடாது. வெட்டுக்காரர்கள் குலைக்காம்பில் தங்கள் நம்பர் எழுதுவார்கள் இல்லையா, அதே போல மர எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் போதும்.