குழந்தை முதுகில் பூனைமுடி: கடலைமாவு தேய்க்கலாமா?

செம்பூர் அம்மா:
என் பெண்ணுக்கு இன்றோடு 18 நாள். 35 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். தோள், முதுகு, காதுமடல் எல்லாம் பூனைமுடி. குளிப்பாட்டும்போது மாமியார் கடலைமாவை உருட்டி உருட்டித் தேய்க்கிறார். நேற்று தோள் சிவந்துவிட்டது, மனசு கேட்கவில்லை. சீக்கிரம் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்றும் சொல்கிறார். நிஜமா?

மாட்டுங்கா நர்ஸக்கா:
தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள்ம்மா. பச்சிளங்குழந்தை வார்டில் 22 வருஷம் இருந்தவள் சொல்கிறேன். இந்த முடிக்கு லனூகோ என்று பெயர். வயிற்றில் ஐந்தாம் மாதம் வாக்கில் முளைக்கும். பிறக்கும்போது உடம்பில் வெண்ணெய் அப்பியது போல இருக்குமே, அந்தப் பூச்சைத் தோலோடு பிடித்து வைப்பதே இதுதான். நிறைமாதத்துக்கு முன்பே பெரும்பாலும் உதிர்ந்து பனிக்குட நீரில் கலக்கும். குழந்தை அதையும் விழுங்கும். பிறந்ததும் போகிற கரும்பச்சை மலத்தில் அந்த முடி இருக்கும். உங்கள் பெண் அவசரப்பட்டு வந்ததால் உதிர நேரமில்லை, அவ்வளவுதான். சில வாரங்களில் தானே போய்விடும்.

முடியின் வேர் உள்தோலில் இருக்கிறது. மாவு அங்கே எட்டாது, மேல்தோலைத்தான் உரிக்கும். குறைமாதக் குழந்தைக்கு அது இன்னும் மெல்லிசு. சிவப்பு குறையாவிட்டால், நீர் கசிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்கள். எல்லாம் கருவிலேயே அமைந்தவை, மொட்டையால் ஒன்றுகூட அதிகமாகாது.

தாராவி அப்பா:
எங்கள் பையனுக்கு மொட்டைக்கு அப்புறம்தான் கருகருவென்று வந்தது அக்கா.

மாட்டுங்கா நர்ஸக்கா:
மொட்டை போடாவிட்டாலும் வந்திருக்கும் தம்பி. வயது ஏற ஏற அதே மயிர்க்காலிலிருந்து தடித்த முடி வரும். மழித்த முடி நுனி மழுங்கி வளர்வதால் கைக்குச் சொரசொரப்பு. அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் ட்ராட்டர் ஆண்களின் தாடிமுடியைச் சேகரித்து அளந்து, மழிப்பதால் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று 1928இலேயே எழுதினார். இரண்டு மூன்று மாதத்தில் பாப்பாவுக்குப் பின்தலை வழுக்கையானாலும் பயப்பட வேண்டாம், அந்த முடி ஓய்வுக்குப் போய் உதிர்ந்து திரும்ப முளைக்கும்.

செம்பூர் அம்மா:
அத்தைக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன் அக்கா. மலத்தில் முடி என்றதும் கண் விரிந்துவிட்டது. இன்று வெறும் வெதுவெதுப்பான தண்ணீர், அவரே ஊற்றினார். மொட்டை மட்டும் பதினோராம் மாதம் குலதெய்வம் கோயிலில், அது வேண்டுதல்.