ஒப்பந்தக்காரரா, தொழிலாளரா? ஆம்பூரிலிருந்து ஓர் உதவிக் கோரிக்கை
ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றில் 2019 முதல் மேல்பாகம் தைத்துவந்த என் அண்ணன், மற்றவர்களைப் போலவே ஷிப்ட் நேரத்துக்கு வந்து, ஆலையின் இயந்திரத்திலேயே மேற்பார்வையாளர் சொற்படி வேலை செய்தபோதும், நிர்வாகம் அவரைத் தனி ஒப்பந்தக்காரர் என்றே காட்டிவந்தது. வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டும் இல்லை, ஜோடிக் கணக்கில் கூலி, அதிலும் டிடிஎஸ் (வருமான வரி) பிடித்தம். சென்ற மாதம் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

எழுத்து மூலம் கேட்டும் நிர்வாகத்திடமிருந்து பதில் இல்லை. நுழைவு அட்டை, வங்கிக் கணக்கு விவரம், ஷிப்ட் குறித்த வாட்ஸ்அப் செய்திகள் கைவசம் உள்ளன. உருப்படிக் கூலி பெற்ற தையற்காரர்களும் பணியாளர்களே என்று 1973-இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் தனி ஒப்பந்தக்காரர் என்று அண்ணன் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் இடிக்கிறது.

இச்சான்றுகளோடு முதலில் வேலூர் வைப்பு நிதி அலுவலகத்தை அணுகுவதா, அல்லது பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் துறைச் சமரச அலுவலரிடம் மனு கொடுப்பதா?