பொறியியலிலிருந்து கலை வரலாற்று முதுகலைக்கு: விண்ணப்பத்தில் எதை முன்வைப்பது?

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
அனைவருக்கும் வணக்கம். கட்டுமானப் பொறியியல் படித்து, 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளின் சுண்ணாம்புச் சாந்தைச் சோதித்துச் சீரமைக்கும் பணியில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். தென்னிந்திய, தென்கிழக்காசியக் கோயிற்கலையை முறையாகப் பயில வெளிநாட்டில் முதுகலைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். ஆனால் கலை வரலாற்றில் ஒரு பாடம்கூடப் படித்ததில்லை. எழுத்து மாதிரி, அதாவது நாமே எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, கேட்கிறார்கள். என்னிடம் இருப்பவை பொறியியல் அறிக்கைகள் மட்டுமே. பரிந்துரைக் கடிதம் தரக்கூடியவர்களும் பொறியியல் பேராசிரியர்களே. என் துறையை ஒதுக்கிவைத்து எழுதுவதா, அதையே முன்வைப்பதா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:
வணக்கம் ஐயா. நான் கணக்கியல் பட்டதாரியாக இருந்து லண்டனில் ஆசியக் கலை வரலாறு படித்தவள். முதல் விண்ணப்பத்தில், சிறுவயது முதல் சிற்பங்கள்மீது எனக்கிருந்த ஈடுபாட்டைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினேன், இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு, மலாயாப் பல்கலைக்கழக ஆசியக் கலை அருங்காட்சியகத்திலுள்ள ஒரு கெண்டியை, அதாவது மூக்குள்ள நீர்க்கலத்தை, பொருளாகக் கொண்டேன். கைப்பிடியில்லாத அந்தக் கலத்தைக் கழுத்தில் பிடித்துச் சரித்தால், கலத்தின் மூக்கு நம் உதட்டில் படாமல் நீர் விழுவதற்கேற்ப அதன் வயிறு எவ்வாறு வடிக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் எழுதினேன். (நம் வீடுகளில் வழங்கிய அதே சொல் அருங்காட்சியகப் பெயரட்டையிலும் இருந்தது எனக்குப் பெருமகிழ்ச்சி.) இடம் கிடைத்தது.

உங்களுக்கு அதைவிட நல்ல பொருள் அருகிலேயே இருக்கிறது. கெடா மாநிலத்து மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பாஹாட் என்னும் பழங்கோயிலை 1930களில் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்தார். 1959–60இல் அலஸ்டர் லேம்ப் தலைமையில் அது மீளமைக்கப்பட்டது. அங்கே கல்லாலான தூண்பீடங்கள் எஞ்சியிருக்கின்றன, தூண்கள் இல்லை. அவற்றின்மேல் மரத்தூண்களும் கூரையும் இருந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. அந்தப் பீடங்களின் இடைவெளியைக் கொண்டு எவ்வளவு பாரமுள்ள கூரை நின்றிருக்கும் என்று கேட்கும் பயிற்சி உங்களுக்கு இருக்கிறது. கலை வரலாறு மட்டும் படித்தவருக்கு அது எளிதில் வாய்க்காது. ஆகவே துறையை ஒதுக்காதீர்கள். பரிந்துரைக் கடிதத்திலும் பேராசிரியர் உங்கள் உற்றுநோக்கும் திறனைக் குறித்து எழுதினால் போதும்.

சுங்கை பட்டாணி ஆசிரியர்:
சகோதரி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பொறியாளரின் கணக்கு மட்டும் போதாது. அது எந்த வரலாற்றுக் கேள்விக்கு விடை என்பதையும் எழுத்து மாதிரி காட்ட வேண்டும். நேரே முதுகலைக்குப் போகத் தயங்கினால், லண்டனில் உள்ள கோர்ட்டோல்ட் கழகம் பிற துறைப் பட்டதாரிகளுக்கென்றே ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. செலவு மிகுதி என்பதால் உதவித்தொகையை முன்பே விசாரியுங்கள்.

இன்னொன்று மொழி. அமெரிக்க முனைவர் படிப்புகள் பலவற்றில் ஆய்வுமொழிகளை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தென்னிந்தியக் கலைக்குத் தமிழே ஆய்வுமொழி. கடாரம் (இன்றைய கெடா) கொண்ட செய்தியைச் சொல்லும் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் புகழுரையை, மூலத்திலேயே வாசிக்கும் உங்கள் தகுதியை, படிக்க விரும்பும் காரணத்தை விளக்கும் நோக்க அறிக்கையில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். நம் பிள்ளைகள் பலர் வீட்டுமொழி என்று அதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். தென்னாட்டில் வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தையும் இப்போதே கற்கத் தொடங்குங்கள்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தமிழைத் தகுதிகளில் ஒன்றாக எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வாரம் மெர்போக் செல்கிறேன். தூண்பீடங்களை அளக்க முன்அனுமதி யாரிடம் பெற வேண்டும்?